முரட்டு சிக்லிட் மீன்களின் கூட்டுத் தொட்டி: ஒரு வரலாறு

பல இன மீன்கள் ஒன்றையொன்று துன்புறுத்தாமல் சேர்ந்து வாழும் தொட்டியை மீன் வளர்ப்போர் கூட்டுத் தொட்டி என்பர். கப்பி, மோலி, டெட்ரா போன்ற சாதுவான மீன்களைக் கொண்டு அதை அமைப்பது எளிது. சிக்லிட் குடும்பத்து மீன்களைக் கொண்டு அமைப்பது நடவாத காரியம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். ஒரு சோடியை விட்டால் மற்ற மீன்களெல்லாம் செத்துப்போகும். சில வேளை அந்தச் சோடியிலேயே ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். ஆனால் இன்று எந்த நகரத்து வண்ணமீன் கடையிலும் மஞ்சளும் நீலமும் வரிக்கோடுமாக இருபது முப்பது சிக்லிட்கள் ஒரே தொட்டியில் நீந்துவதைப் பார்க்கலாம். இந்த மாற்றத்திற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்குள் டார்வினின் கப்பல் பயணம், நோபல் பரிசு பெற்ற ஒருவரின் பிழையான முடிவு, ஒரு பசைக் குழாய், ஓர் ஆப்பிரிக்க ஏரி ஆகிய எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

சிக்லிட்கள் ஆப்பிரிக்கா, நடு அமெரிக்கா, தென்னமெரிக்கா, மடகாசுகர், தென்னிந்தியா, இலங்கை ஆகிய பகுதிகளின் மீன்கள். பெயர் புதிதாகத் தோன்றினாலும் தமிழர்களுக்கு இவை அயலானவை அல்ல. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டை, அதாவது திலாப்பியா, ஓர் ஆப்பிரிக்க சிக்லிட். கேரளத்தவர் கொண்டாடும் கறிமீன் நம் மண்ணுக்கே உரிய சிக்லிட். அதன் சிறிய உறவினனாகிய ஆரஞ்சு குரோமைடும் (மலையாளத்தில் பள்ளத்தி) அப்படியே. இந்தியாவுக்கு இயல்பாக உரிய சிக்லிட்கள் மூன்றே இனங்கள். அவற்றுள் இரண்டு இவை.

இக்குடும்பத்தின் முரட்டுத்தனத்துக்குக் காரணம் அதன் பிள்ளைப் பாசம். பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். சிக்லிட்கள் அப்படி அல்ல. முட்டைக்குக் காவல் இருக்கும், குஞ்சுகளைக் கூட்டமாக மேய்க்கும், சில இனங்கள் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். காவல் காக்க வேண்டுமானால் ஓர் இடம் வேண்டும்; இடம் வேண்டுமானால் பிறரை விரட்ட வேண்டும். கோடையில் நம் ஏரிகளில் நீர் வற்றும்போது தரையில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். அவை திலாப்பியா ஆண்கள் வாயால் தோண்டிய கூடுகள். ஒவ்வொரு குழியும் ஓர் எல்லை. ஏரியில் தோற்ற மீன் அடுத்த குழியைத் தாண்டி ஓடிவிடலாம். மூன்றடித் தொட்டியில் ஓடுவதற்கு இடம் இல்லை. தொட்டி முழுவதும் ஒரே மீனின் எல்லைக்குள் அடங்கிவிடும். சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பெர்லினுக்கு வந்த சின்னப் பன்றி

வீட்டில் மீன்தொட்டி வைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. 1850இல் இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், நீர்த்தாவரமும் மீனும் நத்தையும் சேர்ந்திருந்தால் தண்ணீர் நெடுநாள் கெடாது என்று எழுதினார். பிலிப் ஹென்றி காஸ் 1854இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு அது ஒரு மோகமாகவே ஆயிற்று. ‘சமநிலைத் தொட்டி’ என்ற கருத்து அடுத்த நூறாண்டுக்கு மீன் வளர்ப்பின் வேதமாக இருந்தது: செடி உயிர்வளி தரும், மீன் கழிவு செடிக்கு உரமாகும், மனிதன் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இந்த ஒழுங்கான உலகத்துக்குள் 1894இல் ஒரு தென்னமெரிக்க மீன் வந்தது. அதன் முதல் மாதிரிகளைச் சேகரித்தவர் சார்லஸ் டார்வின். பீகிள் கப்பல் உருகுவே நாட்டின் மால்டொனாடோவில் தங்கியிருந்தபோது அவர் பிடித்த மீன்களுள் ஒன்றுக்கு, லெனர்டு ஜெனின்ஸ் 1842இல் அறிவியல் பெயர் சூட்டினார். உள்ளூரில் அதற்கு ‘சாஞ்சிட்டோ’ என்று பெயர். எசுப்பானிய மொழியில் சின்னப் பன்றி என்று பொருள். ஜெர்மனிக்கு வந்த சாஞ்சிட்டோதான் ஐரோப்பிய வீட்டுத் தொட்டிகளில் வாழ்ந்த முதல் அயல்நாட்டு சிக்லிட் என்று வண்ணமீன் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் கருவி இல்லாத காலம் அது. சாஞ்சிட்டோ வெப்பமண்டலத்துக்குத் தெற்கே, குளிர்காலம் உள்ள நாட்டில் பிறந்த மீன் ஆதலால் பெர்லின் வீட்டு அறையில் தாக்குப்பிடித்தது.

அது தாக்குப்பிடித்ததே தவிர, சமநிலைத் தொட்டி தாக்குப்பிடிக்கவில்லை. சாஞ்சிட்டோ மணலைத் தோண்டியது; செடிகளை வேரோடு பிடுங்கி மிதக்கவிட்டது; உடனிருந்த மீன்களின் செதிலைக் கிழித்தது. செடி இல்லாவிட்டால் சமநிலை இல்லை. ஆகவே சிக்லிட்டுக்குக் கூட்டத்தில் இடமில்லை என்ற முடிவு இயல்பாகவே வந்தது. ஆனாலும் அதை யாரும் கைவிடவில்லை. பெற்றோர் இரண்டும் கல்லின்மேல் இட்ட முட்டைகளுக்கு மாறி மாறிச் செட்டையால் நீர் வீசுவதையும், குஞ்சுகளை வாயில் கவ்விக் குழிக்குத் திருப்பிக் கொண்டுவருவதையும் பார்த்தவர்கள் அதற்குத் தனித் தொட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். தொட்டிக்கு ஒரு சோடி என்பதே அடுத்த அறுபதாண்டு வழக்கம்.

வணிகர்கள் சூட்டிய பெயர்களும் அந்தக் காலத்து எண்ணத்தைக் காட்டுகின்றன. நடு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கருநீல மீனுக்கு, 1919 முதல் 1926 வரை உலகக் குத்துச்சண்டை வாகையராக இருந்த ஜாக் டெம்ப்சியின் பெயரே வைக்கப்பட்டது. உடலில் கறுப்பு வரியிட்ட இன்னொன்று சிறைக்கைதியின் உடையை நினைவூட்டியதால் ‘கான்விக்ட்’ ஆயிற்று. பிறகு ‘ரெட் டெவில்’, ‘கிரீன் டெரர்’ என்று பட்டியல் நீண்டது. தேவதை மீன் என்று அழைக்கப்படும் ஏஞ்சலும் சிக்லிட்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முட்டையிட்ட ஏஞ்சல் சோடியின் பக்கத்தில் இருந்து பார்த்த வேறு மீன்களிடம் கேட்டால் அவை அந்தப் பெயரை ஒப்புக்கொள்ளா.

கண்ணாடிக்கு அப்பால் ஓர் எதிரி

சோடியாகத் தனித்து வைப்பதிலும் ஒரு தொல்லை இருந்தது. விரட்டுவதற்கு வேறு யாரும் இல்லாத நிலையில் ஆண் மீன் தன் துணையையே தாக்கத் தொடங்கும். இதற்கு வளர்ப்போர் கண்டுபிடித்த மருந்து விசித்திரமானது. அடிவாங்குவதற்கென்றே ஒரு மீனைக் கூடவே விடுவது ஒரு வழி. தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து இரு பக்கமும் ஒவ்வொரு சோடியைக் குடியேற்றுவது இன்னொரு வழி. கண்ணாடிக்கு அப்பால் உள்ள எதிரியை நோக்கி இரு ஆண்களும் சீறிக்கொண்டிருக்கும். குடும்பத்துக்குள் அமைதி நிலவும்.

இந்தத் தொழில் நுணுக்கத்தை உலகப் புகழ் பெற்ற கோட்பாடாக மாற்றியவர் ஆசுதிரியாவின் கொன்ராட் லோரென்ஸ். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அவர் சிறு வயது முதலே தொட்டி மீன்களை வளர்த்தவர். சிக்லிட் ஆய்வு அப்போது வளர்ந்துவந்த துறை. அமெரிக்காவில் நோபிளும் கர்ட்டிசும் 1939இல் ஜுவல் மீனின் சமூக வாழ்வைப் பற்றியும், நெதர்லாந்தில் பெயரென்ட்ஸ் தம்பதியர் 1950இல் சிக்லிட்களின் நடத்தை பற்றிப் பொதுவாகவும் விரிவாக எழுதியிருந்தனர். லோரென்ஸ் 1963இல் வெளியிட்ட ‘ஆக்கிரமிப்பு’ பற்றிய நூலில் கண்ணாடித் தடுப்பின் கதையைச் சொல்கிறார். தடுப்பில் பாசி படர்ந்து எதிரி கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது ஆண் மீன் தன் துணையிடம் முரட்டுத்தனமாக நடக்கத் தொடங்குமாம். பாசியைத் துடைத்துவிட்டால் குடும்பம் மீண்டும் சீராகுமாம். அவர் எடுத்துக்காட்டாகக் கூறிய மீன்களுள் ஒன்று நம் உப்பங்கழிகளில் வாழும் ஆரஞ்சு குரோமைடு.

இதிலிருந்து லோரென்ஸ் எடுத்த முடிவு பெரியது. சண்டை வெறி பசியைப் போல உள்ளிருந்தே ஊறுகிறது. வெளியேற வழி கிடைக்காவிட்டால் அணை நீர்போலத் தேங்கி, கிடைத்தவர் மேல் பாய்கிறது. மனிதனும் அப்படித்தான் என்றார். உலகப் போரின் நினைவு ஆறாத, அணுகுண்டு அச்சம் நிறைந்த காலத்தில் அந்த நூல் பல மொழிகளில் பரபரப்பாகப் படிக்கப்பட்டது. 1973இல் டின்பெர்கன், ஃபிரிஷ் இருவருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அது விலங்கு நடத்தை ஆய்வு முழுமைக்குமான பரிசு. அணைக்கட்டுக் கோட்பாட்டுக்கானது அல்ல.

அந்தக் கோட்பாட்டை ஆட்டங்காண வைத்ததும் ஒரு சிக்லிட்தான். வால்டர் ஹைலிகன்பெர்க்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் தாங்கனிக்கா ஏரிப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றினத்தின் ஆண் மீன்களைத் தொட்டியில் வைத்து, அவை எத்தனை முறை பிற மீன்களைத் தாக்குகின்றன என்று பொறுமையாக எண்ணினார்கள். கண்ணருகே கறுப்புக் கோடு உள்ள எதிரியின் பொம்மையைக் காட்டினால் தாக்குதல் கூடியது. எதிரியைக் காணாமல் தனித்திருக்கவிட்டால், தேங்கிப் பொங்குவதற்கு மாறாக, நாளடைவில் தாக்கும் வேகம் தணிந்தது. 1972இல் வெளிவந்த ஆய்வின் சாரம் இது. அப்படியானால் சண்டையை எழுப்புவதில் பெரும்பங்கு மீன் காணும் காட்சிக்கும் அது இருக்கும் சூழலுக்கும் உரியது. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் கண்ட ஒன்றை மனித குலத்தின் தலைவிதியாகச் சொல்லிவிட்ட அவசரம், பேரறிஞர்களுக்கும் நேரக்கூடியது. வண்ணமீன் வளர்ப்போருக்கோ இந்த விவாதம் ஒரு வழியைக் காட்டியது. மீனின் உள்ளத்தை மாற்ற முடியாது, சூழலை மாற்றலாம்.

கலிபோர்னியாவில் சிக்லிட்களை ஆராய்ந்த ஜார்ஜ் பார்லோ 1968இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இந்த வகையில் குறிப்பிடத்தக்கது. ஆய்வுத் தொட்டியில் சிக்லிட்கள் ஆளைக் கண்டால் அஞ்சி ஒளிந்துகொண்டன. நீரின் மேற்பரப்பில் சுறுசுறுப்பாகத் திரியும் சிறு மீன்கள் சிலவற்றை விட்டதும், ஆபத்து இல்லை என்று உணர்ந்ததுபோல வெளியே வந்தன. அந்தத் துணை மீன்களை ஆங்கிலத்தில் ‘டிதர்’ மீன்கள் என்று குறிப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு. முரட்டு மீனும் அச்சத்தில் வாழும் மீனே என்பதை இக்கட்டுரை நினைவூட்டியது.

பாறை மீன்களின் வருகை

கூட்டுத் தொட்டியை உண்மையில் சாத்தியமாக்கியவை மலாவி ஏரியின் மீன்கள். ஏறத்தாழ 570 கி.மீ. நீளமும் 700 மீட்டர் ஆழமும் கொண்ட அந்த ஏரியில் சிக்லிட் இனங்கள் மட்டும் 800க்கு மேல் இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. 1859இல் லிவிங்ஸ்டன் அங்குச் சென்றபோது உடனிருந்த ஜான் கிர்க் மீன்களைச் சேகரித்தார். இலண்டன் அருங்காட்சியகத்தில் பவுலஞ்சர், ரீகன், எதெல்வின் ட்ரெவாவஸ் என்று தலைமுறை தலைமுறையாக அவற்றுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தினார்கள். ஆனால் குப்பிச் சாராயத்தில் ஊறிய மீனில் நிறம் இருக்காது. உயிரோடு இருக்கும்போது இவை கடல் மீன்களைப்போல நீலமும் மஞ்சளுமாக ஒளிரும் என்பது வெளியுலகுக்கு உறைக்க நெடுநாளாயிற்று.

ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் சிறு சிக்லிட்களை அங்குள்ள டோங்கா மக்கள் ‘ம்புனா’ என்பர். அவற்றின் வாழ்வை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஜெஃப்ரி ஃபிரையர். 1950களில் அவர் நகாட்டா விரிகுடாவில் செய்த ஆய்வு 1959இல் வெளியானது. ம்புனாக்கள் பாறைமேல் படரும் பாசியையும் அதிலுள்ள சிற்றுயிர்களையும் மேய்பவை. ஆண்கள் பாறையிடுக்குகளைப் பிடித்துக்கொண்டு காவல் காக்கும். பெண்கள் முட்டைகளை ஏறத்தாழ மூன்று வாரம் வாயில் சுமக்கும். இவற்றில் இரண்டு செய்திகள் தொட்டி வளர்ப்புக்கு முக்கியமானவை. ஒன்று, இங்கே நிலையான சோடி கிடையாது. ஆகவே தொட்டிக்கு ஒரு சோடி என்ற பழைய விதி பொருந்தாது. இரண்டு, இவை தம் ஏரியிலேயே நெரிசலில் வாழ்பவை. ஒரு சதுர மீட்டர் பாறையில் பல மீன்கள், பல இனங்கள் அடுத்தடுத்து மேய்கின்றன.

1960களின் தொடக்கத்தில், நாடு இன்னும் நியாசாலாந்து என்ற பெயரில் பிரித்தானியர் ஆட்சியில் இருந்தபோதே, உயிருள்ள ம்புனாக்கள் வணிகமாக ஏற்றுமதியாகத் தொடங்கின. வானூர்திச் சரக்குப் போக்குவரத்தும், மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி உயிர்வளியும் அடைத்த நெகிழிப் பைகளும் இல்லாவிட்டால் இது நடந்திராது. முன்பெல்லாம் மீன்கள் தகரக் குடங்களில் வாரக்கணக்கில் கப்பலில் வந்தன.

வந்த மீன்களை வைக்கப் பெரிய தொட்டியும் வேண்டியிருந்தது. அதுவரை தொட்டி என்றால் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி மக்கு பூசியது. மக்கு காய்ந்து வெடிக்கும், சட்டம் துருப்பிடிக்கும். 1960களில் சிலிகான் பசை வந்தபின் சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டி நான்கடி, ஆறடித் தொட்டிகளை மலிவாகச் செய்ய முடிந்தது. அதே காலத்தில் ஜெர்மனியின் எஹைம் நிறுவனம் தொட்டிக்கு வெளியே வைத்து இயக்கும் குடுவை வடிகட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீர்த்தூய்மை செடியிலிருந்து இயந்திரத்தின் கைக்கு மாறியது. மலாவித் தொட்டியில் செடியே தேவையில்லை, பாறை போதும். சாஞ்சிட்டோ குலைத்த சமநிலைத் தொட்டி, எழுபதாண்டு கழித்து உண்மையாகவே முடிவுக்கு வந்தது. 1967இல் அமெரிக்க சிக்லிட் சங்கம் தோன்றியபோது இந்த மீன்களுக்கென ஒரு தனி உலகமே உருவாகிக்கொண்டிருந்தது.

நெரிசல் முறை

ம்புனாக்களை முதலில் வாங்கியவர்கள் பழைய பழக்கத்தின்படி நான்கைந்தை மட்டும் விட்டார்கள். சில வாரங்களில் ஒன்றே மிஞ்சியது. குறிப்பாக ஆரேட்டஸ் என்னும் வரிமீனின் ஆண் இதில் பேர்போனது. பிறகு தொட்டியை நிறைத்தால் சாவு குறைகிறது என்று பலர் அனுபவத்தில் கண்டார்கள். ஆறு மீன் இருந்தால் வலிமையானது ஐந்தையும் நாள் முழுதும் விரட்டிக் கொல்லும். இருபத்தைந்து இருந்தால் ஒன்றை விரட்டும்போது இன்னொன்று குறுக்கே வரும், மூன்றாவது அதன் பாறையில் நுழைந்துவிடும். எந்த ஒரு மீனும் தொடர்ந்து அடிவாங்குவதில்லை.

பறவைகளைப் பற்றி ஜெரம் பிரவுன் 1964இல் முன்வைத்த ஒரு விளக்கம் இங்கும் பொருந்துகிறது. எல்லையைக் காப்பதற்கு ஆகும் செலவு அதனால் வரும் பயனைவிட மிகும்போது விலங்கு அந்த எல்லையைக் காப்பதை விட்டுவிடும். நெரிசலில் ஒரு மூலையைக் காப்பது கட்டுப்படியாகாது. ஆகவே மீன்கள் சாதுவாகிவிட்டன என்று எண்ணக்கூடாது. ஐந்து நிமிடம் தொட்டி முன் அமர்ந்து எண்ணிப் பார்த்தால் துரத்தல்கள் எங்கும் நடந்துகொண்டே இருக்கும். அடி பலருக்கும் பங்கிடப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பங்கீட்டைச் சரியாக நடத்தச் சில நடைமுறைகள் உருவாயின. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். ம்புனாக்களுக்கு இதைக் குறைந்த அளவாகக் கொள்வது நல்லது. மூன்று அல்லது நான்கு இனங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என மொத்தம் இருபது மீன்கள் வரை. ஒரே நிறத்தில் இரண்டு இனங்களைச் சேர்ப்பதில்லை, ஏனெனில் தன்னைப்போலத் தோன்றும் மீனைத்தான் ஆண் எதிரியாக எண்ணுகிறது. எல்லாவற்றையும் குட்டிப் பருவத்தில் ஒரே நாளில் விடுவார்கள். பின்னால் புதிதாக ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால் பாறைகளைக் கலைத்து வேறு விதமாக அடுக்கிய பிறகே விடுவார்கள்; பழைய எல்லைகள் அழிந்து எல்லாரும் புதுக்குடிகள் ஆகிவிடுவர். பாறையைத் தொட்டியின் தரைமேல் நேராக உட்காரவைத்து அதன்பின் மணல் இடவேண்டும். மணல்மேல் பாறையை வைத்தால் மீன் அடியில் தோண்ட, பாறை சரிந்து கண்ணாடி உடையும்.

நெரிசல் முறையின் உயிர்நாடி வடிகட்டிதான். மலாவி நீர் காரத்தன்மை உடையது, பி.எச். அளவு ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவின் நச்சு வடிவம், ஒரே அளவு கழிவுக்கு, பி.எச். 7 உள்ள நீரைவிட பி.எச். 8 உள்ள நீரில் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். ஆகவே மீன் நிறைந்த மலாவித் தொட்டியில் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே ஆபத்து. வடிகட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், வாரந்தோறும் நீரில் ஒரு பங்கை மாற்றவேண்டும் என்பதையும் அறியாமல் மீனை நிரப்புபவர் நெரிசல் முறையின் பாதியை மட்டும் கற்றவர். சென்னையின் பல பகுதிகளில் கிடைக்கும் கடினமான ஆழ்குழாய்க் கிணற்று நீர் மற்ற மீன் வளர்ப்போருக்குத் தலைவலி. ஆப்பிரிக்க சிக்லிட்டுக்கோ அது பொருந்திவிடுகிறது.

இம்முறை எல்லா சிக்லிட்டுக்கும் ஏற்றது அன்று. நடு அமெரிக்கப் பெருமீன்கள் சோடி சேர்ந்து நிலத்தைப் பிடிப்பவை, ஓர் அடி வரை வளர்பவை. அவற்றை நெருக்கி அடைத்தால் கொலைதான் நடக்கும். நிகராகுவா ஏரிகளின் மைடாஸ் சிக்லிட்டை வைத்து ரொனால்ட் ஓல்டுஃபீல்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், வீடுகளில் வழக்கமாக வைக்கும் அளவுத் தொட்டிகளுக்குள் சிறிது பெரியது, சிறிது சிறியது என்ற மாற்றம் சண்டையைக் குறைக்கவில்லை. பெரிதாகவும் மறைவிடங்கள் நிறைந்ததாகவும் அமைத்த தொட்டியில்தான் குறைந்தது. கடைகளில் விற்கும் இரண்டடித் தொட்டியில் ஜாக் டெம்ப்சிக் குட்டியை வாங்கி விடுபவர்கள் அறிய வேண்டிய செய்தி இது. கூட்டுத் தொட்டி என்ற சொல்லைக் கேட்டு ம்புனாவின் கணக்கை அமெரிக்க மீனுக்குப் போடுவதுதான் இன்றும் மிகுதியாக நடக்கும் தவறு.

சேர்ந்து வாழ்ந்ததன் விலை

பல இனங்களை ஒரே தொட்டியில் வைத்ததால் சண்டைக்கு அடுத்தபடியாக ஒரு புதுச் சிக்கல் எழுந்தது. ம்புனா இனங்கள் பரிணாம வரலாற்றில் மிக அண்மையில் பிரிந்தவை. ஏரியில் பெண் மீன் நிறத்தையும் நடத்தையையும் பார்த்துத் தன் இனத்து ஆணைத் தேர்கிறது. தொட்டியில் தன் இனத்து ஆண் இல்லாவிட்டால், அல்லது வலிமையான வேற்றின ஆண் ஒன்றே தொட்டியை ஆண்டால், அதனோடே கூடிவிடும். அந்தக் குஞ்சுகள் கடைக்குப் போகும்; பெயர் தெரியாத சாம்பல் நிற மீன்களாக வளரும். ‘பல்வகை ஆப்பிரிக்க சிக்லிட்’ என்று கலந்து விற்கப்படும் குட்டிகளில் இத்தகைய கலப்பினங்கள் ஏராளம்.

இந்தக் கலப்பு தொட்டியோடு நிற்கவில்லை. மலாவி ஏரியிலேயே ஏற்றுமதியாளர்கள், தொலைவிலுள்ள கரைகளில் பிடித்த இனங்களைத் தம் பிடிப்பு நிலையத்துக்கு அருகில், வேண்டும்போது எளிதாக எடுப்பதற்காக விட்டுவைத்தார்கள். தென்பகுதியிலுள்ள தும்பி மேற்குத் தீவு இதற்குப் பெயர்பெற்றது. 1980இல் அப்பகுதி மலாவி ஏரித் தேசியப் பூங்காவாகி, 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுக் களமும் ஆயிற்று. அதற்குள் அத்தீவின் பாறைகளில் அயல் ம்புனாக்கள் குடியேறிப் பெருகிவிட்டிருந்தன. ஒரு ம்புனா சில நூறு மீட்டர் மணல்வெளியைக்கூடக் கடந்து செல்லாது என்பதால்தான் தீவுக்குத் தீவு தனித்தனி இனங்கள் உண்டாயின. அந்தப் பிரிவை மனிதக் கை கலைத்தது. அங்கே குடியேறிய ஓர் இனம் உள்ளூர் ஸீப்ராவுடன் கலந்ததற்கான சான்றை ஜே ஸ்டாஃபரும் உடனாய்வாளர்களும் 1996இல் வெளியிட்டார்கள். வீட்டில் ஒரு கூட்டுத் தொட்டியைக் கவனமின்றி அமைத்தால் என்ன நடக்குமோ அதுவே ஓர் ஏரியின் தீவில் நடந்திருக்கிறது.

வேண்டுமென்றே கலந்து உருவாக்கியதும் உண்டு. 1990களில் மலேசியாவில் நடு அமெரிக்க சிக்லிட்கள் சிலவற்றைக் கலந்து, நெற்றியில் பெரிய புடைப்போடு ஃபிளவர்ஹார்ன் என்ற மீனை உண்டாக்கினார்கள். அது செல்வம் தரும் மீன் என்ற நம்பிக்கையோடு ஆசியா முழுதும் பரவியது. சென்னைக் கடைகளிலும் வாஸ்து மீன் என்று நல்ல விலைக்குப் போயிற்று. கலப்பில் பிறந்த அந்த மீனைக் கூட்டத்தில் வைக்க முடியாது. பெரும்பாலான வீடுகளில் அது தன்னந்தனியாகவே வாழ்கிறது.

மறுபக்கம், தொட்டியே அடைக்கலமான கதையும் இருக்கிறது. விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீன் 1980களில் பெருகியபோது, அங்கிருந்த சிறு சிக்லிட் இனங்கள் நூற்றுக்கணக்கில் மறைந்தன. எஞ்சிய சிலவற்றைக் காக்க வட அமெரிக்க விலங்குக் காட்சியகங்கள் 1993இல் ஒரு கூட்டு வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கின. அங்கே முதல் விதி, ஒரு தொட்டியில் நெருங்கிய உறவுடைய இரண்டு இனங்களைச் சேர்க்கக் கூடாது என்பது. வீட்டில் அழகு தரும் கலவை அங்கே அழிவாகிவிடும்.

இன்றைய மலாவிக் கூட்டுத் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படுவது சவுலோசி. சிறிய மீன், மற்ற ம்புனாக்களைவிடச் சண்டை குறைவு, பெண் மஞ்சள், ஆண் நீலத்தில் கறுப்புப் பட்டை என்பதால் ஓர் இனத்தை மட்டும் வைத்தாலே தொட்டி இரண்டு இனங்கள் நிறைந்ததுபோலத் தோன்றும். அறிவியல் அதற்குப் பெயரிட்டது 1990இல்தான். அதன் தாயகம் மலாவி ஏரியில் தைவான் ரீஃப் எனப்படும் ஒரே ஒரு பாறைத்திட்டு. கடைகளுக்காக அங்கே அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அது இப்போது பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனங்களுள் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. வளர்ப்போரின் தொட்டிகளில் அது தலைமுறை தலைமுறையாகப் பெருகிவருகிறது. வேறு இன ம்புனாக்களோடு கலக்காமல் தனியே வளர்க்கப்பட்ட குட்டிகளைக் கேட்டு வாங்குவோருக்கு அவை கிடைக்கின்றன.